படத்தில் இருந்த பூக்கட்டு

ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினேன். முன்சீட்டில் உத்தனப்பள்ளிக் குடியானவர் ஒருவரும் அவர் மனைவியும். அந்த அம்மாள் மடியில் வாழையிலைப் பொட்டலம். பஸ் கிளம்பியதும் அந்த அம்மாள் கணவரிடம் சொன்னார்:

“போன வாரம் பெங்களூர்ல ஓவியக் கண்காட்சியில பாத்த படத்துல இருக்கிறது நம்ம பொண்ணுதாங்க.”

“மூஞ்சியே இல்லையேடி. வெறும் முதுகும் சடையும்.”

“சடையில இருக்கிற பூ நான் கட்டினது. மூணு மல்லி, ஒரு மரிக்கொழுந்து, ரெண்டு கனகாம்பரம். வேற யாரு அப்பிடிக் கட்டுறா?”

“அங்க இருந்ததுல பாதி பூப்படம்தானே?”

“அதையெல்லாம் நம்ம பொண்ணு நின்னு நின்னு காட்டினா. இதுகிட்ட வந்ததும் காலு வலிக்குது, போலாம்மான்னா.”

“டீச்சர் டிரெயினிங் படிக்கிற புள்ளைக்குக் காலு வலிக்காதா?”

“அப்ப வாராவாரம் பூ வேணும்னு கடுதாசி போடுறது எதுக்கு?”

“நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும். நேரா கேட்டுப்புடு.”

“கேட்டா இல்லைம்பா. இன்னிக்கி கனகாம்பரத்தை எடுத்துட்டு ஊதா டிசம்பர் பூ வெச்சுக் கட்டியிருக்கேன். அடுத்த படத்துல ஊதா வருதான்னு பாக்கலாம்.”

மைசூர் ராஜ்ய எல்லைச் சாவடியில் பஸ் நின்றது.

“ஊதா வந்தா என்ன பண்ணுவே?” என்றார் அவர்.

அந்த அம்மாள் பொட்டலத்தைப் பிரித்து, பூ வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து, மறுபடி மூடினார்.

இது நடந்து ஒரு வாரமாகிவிட்டது. என் மகளும் பெங்களூரில்தான் படிக்கிறாள். அவள் தலையில் என்ன பூ வைக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.