ஜப்பான் கடையில் ஒரு கும்பிடு

புந்தோங் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள், மடியில் மார்க்கெட் கூடை. ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டுப் பேப்பரை மடித்துவிட்டேன்.

“எங்க வீட்டுக்காரரு சாப்பாட்டுக் கடையில எந்திரிச்சி குனிஞ்சிட்டாருக்கா.”

“எந்தக் கடையில?”

“டவுன்ல புதுசா ஜப்பான் கடை தொறந்திருக்கான்லா. மகன் எல்லாரையும் கூட்டிட்டுப் போனான். பிள்ளைங்களுக்குக் குட்டி நாற்காலிகூட இருக்கு. கறியும் சோறும்தான், கொஞ்சம் இனிப்பு. இவரும் நல்லாத்தான் சாப்பிட்டாரு.”

“அப்புறம்?”

“வாசல்ல யாரோ வந்தாங்க. கடை ஆளுங்க மொத்தமா ஜப்பான் பாஷையில ‘வாங்க’ன்னு கத்துனாங்க. இவரு கரண்டியப் போட்டுட்டு எந்திரிச்சி, கைய தொடையில ஒட்ட வச்சி, இடுப்பு வரைக்கும் குனிஞ்சிட்டாரு. எதிர்ல தட்டோட நின்னது ஒரு சீனப் பொண்ணு. அதுவும் பாவம், மரியாதைன்னு நெனச்சி பதிலுக்குக் குனிஞ்சிச்சி.”

“அண்ணன் சயாமுக்குப் போனவர்லா?”

“சண்டை காலத்துல ரயில் ரோடு போட ஜப்பான்காரன் எஸ்டேட்லேருந்து புடிச்சிட்டுப் போனப்ப மீசைகூட மொளைக்கல. அவன் சத்தம் கேட்டதும் எந்திரிச்சி குனியணும், இல்லன்னா அடி.”

பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்று கிளம்பியது.

“பேரப்பிள்ளைங்க சிரிச்சிச்சிங்க. மகனும் சிரிச்சான். அதுங்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் தெரிஞ்ச நானும் சிரிச்சிட்டேன்கா.”

“அண்ணன் கோவிச்சிக்கிட்டாரா?”

“கோவிச்சிருந்தா பரவால்லையே. மெதுவா உக்காந்தாரு. எங்க மூஞ்சியெல்லாம் ஒரு தடவ பாத்தாரு. அப்புறம் அவரும் எங்களோட சேந்து சிரிச்சாருக்கா.”