எண்ணெய் படாத கால்

செங்கலடிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சந்தையில் முழங்கால் எண்ணெய் வாங்கப் போவதாக ஒருத்தி சொன்னாள். அதற்கு மற்றவள் சொன்ன பதில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"நான் வலது காலுக்கு மட்டும்தான் மச்சாள் பூசினன்."

"ரெண்டு முழங்காலும் நோகுது எண்டுதானே சொன்னாய்?"

"ஓம். புது உரம் வந்தா நாம என்ன செய்யிற? ஒரு துண்டு வயலுக்குப் போட்டு, பக்கத்துத் துண்டைச் சும்மா விட்டுப் பாக்கிறதானே. அதைத்தான் என்ர காலிலயும் செஞ்சன்."

"மறுகா என்ன நடந்த?"

"பத்து நாளில ரெண்டும் ஒரே மாதிரிச் சுகம். வயலில வேளாண்மை வெட்டு முடிஞ்சு, குந்தி எழும்பாம வீட்டில இருந்தன். அதுதான் மருந்து."

"அந்த எண்ணெய் யாவாரிக்கிட்டச் சொன்னியா?"

"சனம் நிறைஞ்ச சந்தையில வச்சுச் சொன்னன். 'மற்றக் காலுக்கும் பூசிப் பாருங்க அக்கா' எண்டு இன்னொரு போத்தலை நீட்டினான். 'அது பூசாமலே சுகம் தம்பி' எண்டன். போத்தலோட நிண்ட ஆக்கள் எல்லாம் திருப்பி வச்சிற்றாங்க."

எண்ணெய் வாங்க வந்த மச்சாள், "அப்ப நான் மீன் மட்டும் வாங்கிற்று வாறன்" என்றாள்.

செங்கலடியில் முதலில் இறங்கிய மச்சாள், மற்றவள் பிடித்து இறங்கக் கையை நீட்டினாள். அவள் அதைப் பிடிக்கவில்லை. எண்ணெயே படாத இடது காலை ஊன்றி இறங்கினாள்.