உப்பு போடாத கறை

ஐயா,

உங்கள் படிவத்தில் 'கறை ஏற்பட்ட விதம்' என்ற இடத்தில் மூன்று கோடுகள்தான் விட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்து கொஞ்சம் பெரியது. அதனால் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் ஆய்வாளர் கார்த்திகேசன் வந்து சோபாவைப் படம் எடுத்தார். நல்ல மனிதர். மோர் கொடுத்தோம், குடித்தார். கிளம்பும்போது ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"மரக்காணத்துல உப்பளம் வச்சிருக்கீங்க. கறை பட்டா உங்க ஊர்ல மொதல்ல உப்பைத்தான் அள்ளிப் போடுவாங்க. வீட்டு வைத்தியம் பண்ணியிருந்தா கிளைம் கிடையாது சார். நெசமாவே உப்பு போடலையா?"

கேட்டது நியாயம். உப்பு போடவில்லை என்பதை நிரூபிக்கத்தான் இந்தக் கடிதம். என்னிடம் மறைக்க எதுவும் இல்லை.

என் பெயர் அரசப்பன். உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால், மகள் கிருபா பிறந்த சமயத்தில், என் மனைவி சிவசங்கரி ஆசைப்பட்டாள் என்று புதுச்சேரியில் ஒரு சோபா வாங்கினோம். வெண்ணெய் நிறம். கடையில் ஷாலினி என்ற பெண் உங்கள் கறைப் பாதுகாப்பு இன்சூரன்ஸைப் பொறுமையாக விளக்கினாள். ஐந்து வருடத்துக்குள் தற்செயலாகக் கறை பட்டால் மெத்தையை மாற்றித் தருவீர்கள் என்றாள்.

"நமக்கு எதுக்குங்க இது? ஒரு கை உப்பு போட்டா கறை போயிடப் போவுது. உப்பு இல்லாத வூடா நம்மளுது?" என்றாள் சங்கரி, அந்தப் பெண்ணின் முன்னாலேயே.

ஷாலினி சிரித்துவிட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் சிரிக்காமல் இருந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

முதல் வருடம் சங்கரியின் சித்தி காபியைக் கொட்டினாள். நான் பாலிசியை எடுக்க பீரோவுக்குப் போய்த் திரும்புவதற்குள் சங்கரி உப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்து முடித்திருந்தாள். கறை போய்விட்டது. இரண்டாம் வருடம் கிருபா திராட்சை ஜூஸைக் கவிழ்த்தாள். அதுவும் போய்விட்டது. "எங்கேங்க உங்க இன்சூரன்ஸ்காரன், இன்னும் பஸ் கிடைக்கலையா?" என்பாள் சங்கரி, கையில் ஒட்டிய உப்பைத் தட்டிக்கொண்டே. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் உப்பு இருந்ததால் என் பாலிசி குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

விஷயம் ஊருக்குள் பரவியது. பக்கத்து அளக்காரர் சேட்டு டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏம்பா, மழை பெஞ்சா அளமே கரைஞ்சு பூடுது. அதுக்கு இன்சூரன்ஸ் இல்ல. உக்கார்ற சீட்டுக்கு எடுத்துகினு வந்திருக்கியே?" போன ஐப்பசி மழையில் என் உப்புக் குவியலில் பாதி கரைந்தது உண்மைதான். அதை ஏன் அவர் அன்றைக்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது.

பாலிசி முடிய மூன்று வாரம் இருக்கும்போது நிபந்தனைகளை முழுவதும் வாசித்தேன். கறை தற்செயலாகப் பட வேண்டும். வீட்டு வைத்தியம் கூடாது. நானே கொட்டிவிட்டு உங்களிடம் வந்தால் அது மோசடி. மோசடி என் பழக்கம் இல்லை. ஆகவே வேறொருவர், தானாக, மனமறியாமல் கொட்ட வேண்டும்.

சங்கரியின் தம்பி கௌதம் அனுமந்தையில் மீன்பிடிக்கிறார். தங்கமான பிள்ளை. அக்கா என்றால் உயிர். அவரிடம் ஒரே ஒரு பழக்கம் உண்டு. தப்பித்துப் போன மீனைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கையும் தானாக விரியும். கையில் என்ன இருக்கிறது என்பது மறந்துவிடும். இது கடவுள் கொடுத்த சுபாவம். இதில் என் தலையீடு இல்லை.

அவரை விளக்கு வைக்கும் நேரத்துக்கு நண்டுக் குழம்பு சாப்பிட வரச் சொன்னேன். சங்கரி குழம்பில் உப்புப் போட்டு இறக்கும்வரை காத்திருந்தேன். பிறகு வீட்டிலிருந்த உப்பை எல்லாம் எடுத்தேன். அடுப்படி ஜாடி, கொல்லையில் இருந்த மூட்டை, சாமி மாடத்தில் திருஷ்டி கழிக்க வைத்திருந்த ஒரு பிடி. எல்லாவற்றையும் பைக்கில் கொண்டுபோய் அளத்துக் குவியலிலேயே கொட்டினேன். உப்பைத் திரும்ப உப்பளத்தில் கொட்டியவன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊறுகாயை மட்டும் விட்டுவைத்தேன். அந்த அளவுக்கு நான் மோசமில்லை.

எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். சோபாவில் தட்டு வைக்கச் சங்கரி விடமாட்டாள். அன்று தரையெல்லாம் எறும்பு. மதியம் நான் கொஞ்சம் சர்க்கரை தூவியிருந்தேன். சங்கரி வாசல் மாடத்தில் விளக்கேற்றப் போனதும் கௌதமைச் சோபாவில் உட்கார வைத்து, தட்டு நிறையக் குழம்பு ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

"மச்சான், அன்னைக்கு வலையை அறுத்துகினு போச்சே ஒரு திருக்கை, அது எவ்ளோ பெருசு?" என்று கேட்டேன். உறவினரிடம் தொழில் நலம் விசாரிப்பது குற்றமில்லை.

"இம்மாம் பெருசு மாமா" என்றார்.

மெத்தை இரண்டிலும், சாய்வு ஒன்றிலும் பட்டது. உங்கள் படத்தில் இருக்கிறது.

சங்கரி ஓடிவந்தாள். ஜாடியைத் திறந்தாள். மூட்டையைத் தேடினாள். சாமி மாடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

"வெளக்கு வச்ச பொறவு உப்பு கேட்டு வர்றியேடி? என் வூட்டு மகாலட்சுமியை உனக்குத் தூக்கிக் குடுக்கணுமா?" என்று லட்சுமியம்மாள் கதவைச் சாத்தினார். தெருவில் வேறு யாரும் கொடுக்கவில்லை. விளக்கு வைத்தபின் எங்கள் பக்கம் யாரும் உப்புக் கொடுக்கமாட்டார்கள். இது எனக்கு முன்பே தெரியும். அளத்துக்குப் போய் அள்ளிவரலாம் என்றால் பைக்கில் காற்று இல்லை. இறக்கியது யார் என்று உங்கள் படிவம் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், நான்தான்.

ஆகவே, உப்பு போடவில்லை. ஒரு கல் உப்புகூடப் போடவில்லை.

அன்று வேறு சிலவும் நடந்தன. அவை கிளைமுக்குத் தேவையா என்று தெரியவில்லை. கௌதம் தன் சட்டையைக் கழற்றிக் குழம்பைத் துடைத்தார். "அக்கா, மன்னிச்சிடுக்கா" என்றார். சங்கரிக்குச் சோபாவை விட வீட்டில் உப்பு தீர்ந்ததுதான் பெரிய அதிர்ச்சி. குடும்பத்துக்கே கேடு வரப்போகிறது என்று நடுங்கினாள். அந்தக் கோபமெல்லாம் தம்பி மேல் இறங்கியது. "நீ காலெடுத்து வச்ச நேரம்தான்டா இது. இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாள். அவர் வெறும் மேலோடு, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், அனுமந்தைக்குப் போய்விட்டார். இருபத்து மூன்று நாளாக இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஆனி மாதம் கிருபாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கௌதம் போன மாதமே கம்மல் வாங்கி வைத்துவிட்டார். சங்கரி நாளைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டாள். எதுவரை என்று கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கிருபா மட்டும் தினமும் கண்ணாடியில் காதைப் பார்த்துவிட்டு, "மாமா எப்பப்பா வரும்?" என்கிறாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை வாயைத் திறந்தேன். ஆனால் கிளைம் பரிசீலனையில் இருக்கும்போது அது முறையல்ல என்று தோன்றியது.

சாட்சிக் கையெழுத்துக்காக நேற்று அனுமந்தைக்குப் போனேன். கௌதம் வலையை வைத்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டார். நான் கேட்காமலே கீழே ஒரு வரியும் எழுதினார்: 'தப்பு முழுக்க என்னுது, மாமா மேல் குற்றம் இல்லை.' இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? 'வேண்டுமென்றே செய்யப்பட்டதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக் செய்திருக்கிறேன்.

உங்கள் இன்சூரன்ஸ் பயனுள்ளதா என்று யாராவது கேட்டால் தாராளமாக என் பெயரைச் சொல்லலாம். இன்று காலை சங்கரியே ஒத்துக்கொண்டாள். கறை பட்ட மெத்தையில் உட்கார்ந்து, தம்பி விட்டுப்போன அந்தச் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க இன்சூரன்ஸ் எடுத்தது நல்லதாப் போச்சுங்க. சோபாவாவது திரும்பி வரும்."

இந்த ஒரு சொல்லுக்காக ஐந்து வருடம் காத்திருந்தேன். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம்தான்.

இப்படிக்கு,
ம. அரசப்பன்