மங்கள விளக்கு

மல்வேர்ன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், ஃபக்டரி வேலைக்குப் போகிற சப்பாத்துகளோடு. மூத்தவரின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

“என்னை விளக்கேத்த விடேல்லை,” என்றார் அவர். நான் ஹெட்போனில் பாட்டை நிறுத்தினேன்.

“எங்கை அக்கா?” என்றார் இளையவர்.

“ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலை. போருக்குப் பிறகு பெண்கள் உரிமை, நல்லிணக்கம் எண்டு பெரிய பனர். பேசுறதுக்கு என்னைத்தான் கூப்பிட்டவை. சரணடைஞ்ச அண்டைக்கு என்ரை மனுசனை ஆமிக்காரர் பஸ்ஸிலை ஏத்திக்கொண்டு போனவங்கள், இண்டைவரை அவர் வரேல்லை எண்டதைச் சொல்ல.”

“பிறகு?”

“தொடங்க முந்தி, பேச்சாளர்மார் வந்து விளக்கேத்துங்கோ எண்டினம். நானும் போய் மெழுகுதிரியை எடுத்தன். ஒரு அன்ரி வந்து மெல்லமா என்ரை கையிலையிருந்து அதை வேண்டிப்போட்டா. ‘குறை நினையாதையும் பிள்ளை, சுமங்கலியள்தான் ஏத்துறது’ எண்டா.”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே?”

“பேச வந்ததைப் பேசினன். எல்லாரும் அழுதவை. அந்த அன்ரியும் அழுதவ.”

இளையவர் அவரது கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஊரிலை அரசாங்கக் கந்தோருக்கு எத்தினை தரம் கூப்பிட்டவங்கள். மரணச் சான்றிதழ் தாறம், ஒரு கையெழுத்து வையுங்கோ எண்டு. நான் வைக்கேல்லை. அவர் செத்துப்போனார் எண்டு என்னட்டை அவங்களாலை எழுதி வேண்ட ஏலாமல் போச்சு.”

“ஓம் அக்கா.”

“அதுக்கு, இஞ்சை இவைக்கு ஒரு மெழுகுதிரி போதுமாயிருந்தது.”