நாலு பேப்பர், நாப்பது மண்வெட்டி

கைதட்டாதீங்க... இருங்க. முன்வரிசையில ஒரு நண்பர் இப்போ சொன்னாரே, "நாலு பேப்பர்ல வந்திருக்கு, பொய்யாவா இருக்கும்?"னு... அதைக் கேட்டதுலேருந்து எனக்கு ஒரு இடத்துல நிக்க முடியல. ஒரு குட்டிக் கதை சொல்றேன், கேளுங்க. நானே கட்டின கதைதான். துருக்கியில நடக்குது.

மலையோரமா ஒரு நிலக்கரி ஊர். அங்க ஜாஃபர்னு ஒரு சுரங்கத் தொழிலாளி. அவர் மனைவி நெர்மின். திங்கட்கிழமை காலையில சுரங்கத்துக்குள்ள மண் சரிஞ்சு போச்சு. ஜாஃபரோட சேர்த்து ஆறு பேர் உள்ள! ஊரே சுரங்கத்து கேட்டுக்கு ஓடுது. காவலாளி என்ன சொல்றான்? "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க!" பக்கத்துச் சுரங்கத்து ஆளுங்க நாப்பது பேர், "நாங்க தோண்டுறோம்"னு மண்வெட்டியோட வந்து நிக்கிறாங்க. அவங்களையும் விடல.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, நெர்மின் பேப்பர் கடைக்கு ஓடினா. "ரிஸா அண்ணே, இருக்கிற பேப்பரெல்லாம் குடுங்க!" நாலு பேப்பர். நாலுக்கும் வேற வேற பேரு. நாலுலயும்... "சிறு சரிவு. தொழிலாளர்கள் நலம்." நாலு பேர் சொன்னா நம்ப மாட்டோமா? நாப்பது பேரும் படிச்சாங்க. "நல்லா இருக்காங்களாம்ப்பா"ன்னு மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பிட்டாங்க. போயிட்டாங்கய்யா!

நெர்மினுக்கு மட்டும் ஒரு வாய் ரொட்டி இறங்கல. நல்லா இருக்கிற மனுஷன் ஏன் வீட்டுக்கு வரல?

புதன்கிழமை மறுபடியும் பேப்பர். முதல் பக்கத்துல "நலம்." புரட்டுறா... ஏழாம் பக்கம். அந்த ஊர்ல ஒரு வழக்கம். யாராவது இறந்துட்டா, வேலை பார்த்த கம்பெனி கறுப்புக் கட்டம் போட்டு இரங்கல் விளம்பரம் குடுக்கும். ஏழாம் பக்கத்துல கறுப்புக் கட்டம். ஆறு பேர். மூணாவது பேரு... ஜாஃபர்.

சுரங்க ஆபீஸ்ல எவனோ, "இனி எங்க பிழைக்கப் போறாங்க"ன்னு முன்கூட்டியே எழுதி அனுப்பி வச்சிருக்கான். பேப்பர் ஆபீஸ்ல விளம்பரத்தைக் கவனிக்கிறவன் நாள் மாத்தி முன்னாடியே போட்டுட்டான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாங்க... காம்பு வெளிய தெரிஞ்சுடுச்சு!

"அண்ணே! முதல் பக்கத்துல உயிரோட இருக்கார், ஏழாம் பக்கத்துல செத்துட்டார். யாருண்ணே இந்தப் பேப்பரை நடத்துறது?"

ரிஸா குரலைத் தாழ்த்துறார். "தங்கச்சி... நாலுக்கும் முதலாளி ஒருத்தர்தான்."

"யாரு?"

"சுரங்க முதலாளி."

நெர்மின் அழல. அந்தப் பக்கத்தைக் கிழிச்சு எடுத்துக்கிட்டா. நேரா பக்கத்துச் சுரங்க வாசல்ல போய் நின்னா. "இருக்காரா இல்லையான்னு இவங்க தோண்டியே பாக்கல! நீங்க வர்றீங்களா, இல்லையா?"

நாப்பது பேர் நானூறு பேரானாங்க. கேட்டை உடைச்சாங்க. தோண்டினாங்க. வியாழக்கிழமை மத்தியானம் உள்ளேருந்து ஒரு சத்தம்... குழாயை யாரோ தட்டுறாங்க. டொக்... டொக்...

அஞ்சு பேர் உயிரோட வந்தாங்க. அதுல ஜாஃபரும் ஒருத்தர். ஆறாவது ஆள் யூனுஸ். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தாராம்.

செவ்வாய்க்கிழமை... நாப்பது பேரும் பேப்பர் படிச்சுட்டுத் திரும்பிப் போன நாள்.

வெள்ளிக்கிழமை பேப்பர்ல என்ன தலைப்பு தெரியுமா? நாலுலயும் ஒரே தலைப்பு. "முதலாளியின் துரித நடவடிக்கை: ஐவர் மீட்பு!"

நண்பரே... உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. அந்த நாப்பது பேரும் நல்லவங்கதான். ஆனா நாலு பேப்பர்னா நாலு சாட்சின்னு நினைச்சாங்க. வாய் ஒண்ணுதான்னு அவங்களுக்குத் தெரியல.

நாளைக்குக் காலையில உங்க வீட்டுக்கும் பேப்பர் வரும். படிங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா தலைப்பைப் படிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு ஓரத்துல பொடி எழுத்துல வெளியிடுறவர் பேரு இருக்கும், அதைப் படிங்க. பின்னால இருக்கிற முதலாளி யாரு, அவருக்கு வேற என்னென்ன தொழில் இருக்குன்னு விசாரிங்க. அப்புறம் முடிவு பண்ணுங்க... மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பலாமான்னு.