காலு ஒடஞ்சவங்களுக்கு மட்டும் கெடைக்கிற சாப்பாடு

இல்ல இல்ல, நீங்க சாப்பிடுங்க சார். நான் தட்டைப் பாக்கல... சரி, பாத்தேன். பாத்தா என்ன தப்பு? அந்தக் கத்திரிக்காயோட மதிப்பு தெரியாம நீங்க பாட்டுக்கு ஓரமா ஒதுக்குனா, பாக்குறவனுக்கு வயிறு எரியுமா எரியாதா? இந்த ருசிக்காக மூணு மாசமா தெருத்தெருவா அலையறேன். நீங்க என்னடான்னா, கால்ல மாவுக்கட்டைப் போட்டுக்கிட்டு, படுத்த எடத்துலயே...

நான் யாருன்னுதானே பாக்குறீங்க? லிஃப்ட் மெக்கானிக். உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்டு நேத்திலேர்ந்து ரெண்டாவது மாடியிலயே நிக்குதே, அதுக்குத்தான் வந்தேன். ஒரு பார்ட்டு வரணும். வர்ற வரைக்கும் சும்மாதான். கொஞ்சம் இப்படி உக்காந்துக்கறேன்... வலிக்குதா? அந்தக் கால் இல்லியே? அப்ப சரி.

என் பொழப்பு அப்படி சார். காலைல ஒரு தெரு, மத்தியானம் ஒரு தெரு. வீட்டுலேர்ந்து கட்டி எடுத்துட்டு வந்தா, மெஷின் ரூம் சூட்டுல பதினோரு மணிக்கே ஊசிப்போயிடும். அதனால பதினெட்டு வருஷமா மத்தியானம் ஓட்டல்தான். ஜனங்க போனைத் தடவித் தடவி நட்சத்திரம் எண்ணுறாங்க. எனக்கு அதெல்லாம் வேணாம். போர்டுல நாப்பது ஐட்டம் எழுதியிருந்தா, அந்த வாசப்படியே மிதிக்க மாட்டேன். நாப்பதையும் ஒருத்தன் ருசியா செஞ்சுட முடியுமா? நான் நேரா பின்பக்கம் போவேன். குப்பைத்தொட்டியைத் தொறந்து பாப்பேன். மூஞ்சியைச் சுளிக்காதீங்க சார், தொழில் ரகசியம் சொல்றேன். சோறு சோறா கொட்டிக் கெடந்தா, திரும்பிப் பாக்காம வந்துடணும். வெறும் தோலும் முள்ளும்தான் கெடக்குதா, தைரியமா போயி உக்காரலாம். என் சம்சாரம் சட்டையை மோந்து பாத்துட்டு, நீ லிஃப்ட்டு ரிப்பேருக்குப் போறியா, சாக்கடை அடைப்பு எடுக்கப் போறியான்னு கேப்பா. அத விடுங்க.

அப்படிக் கண்டுபுடிச்சதுதான் அந்தக் கடை. அச்சாபீசுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவுல, அஞ்சே அஞ்சு மேசை. ஒரு மேசைக்குக் கால் ஆடும், நம்ம முட்டியை முட்டுக் குடுத்துதான் சாப்பிடணும். ஆனா சமையக்கட்டுல இருந்த அக்கா இருக்காங்களே... ஒரு குழம்பு, ஒரு பொரியல், ஒரு துண்டு மீன். அவ்வளவுதான். எண்ணெயைக் கையில ஒட்ட விடமாட்டாங்க. கத்திரிக்காய் முழுசா இருக்கும், நாக்குல பட்டதும் காணாமப் போயிடும். தபால்காரர், தையல்காரர், ஒரு கணக்கு வாத்தியார், நான்... ஒம்பது வருஷமா நாங்க நாலு பேரும் ஒரே மேசை. ஒருத்தர் பேர் இன்னொருத்தருக்குத் தெரியாது. சாப்பிடும்போது எங்க சார் பேசறது?

நம்ப மாட்டீங்க, அங்க மட்டும் நான் பேசவே மாட்டேன்.

மூணு மாசம் முன்னாடி ஒரு திங்கக்கிழமை. குழம்பை வாயில வெச்சேன், வெந்நீர்ல மொளகாத்தூள் கலக்குன மாதிரி இருந்துது. நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். அக்கா நின்னுட்டாங்களாம். ஆஸ்பத்திரி சமையக்கட்டுல வேலை கெடைச்சுதாம். அந்தச் சாப்பாடும் உள்ள படுத்துக் கெடக்கறவங்களுக்கு மட்டும்தானாம், வெளியாளுக்குக் கெடையாதாம். எவனோ ஒருத்தன் ஆள் தேவைன்னு போட்ட நோட்டீசை எடுத்துட்டு வந்து அவங்க கையில குடுத்திருக்கான். தையல்காரர் கத்திரிக்கோலை ஆட்டிக்கிட்டே, அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்னாரு. வாத்தியார் கூட கெட்ட வார்த்தை பேசினாரு. அன்னிக்கு அவங்க எல்லாரையும் விட சத்தமா திட்டினது யாருங்கறீங்க? நான்தான்.

மெதுவா பேசறேன், நர்சம்மா பாக்குறாங்க.

அந்த நோட்டீசை இதே ஆஸ்பத்திரி சுவத்துலேர்ந்து கிழிச்சுட்டுப் போனது... நான்தான் சார்.

அப்படிப் பாக்காதீங்க. கடை மொதலாளி தெனம் அந்த அக்காவை எங்க முன்னாடியே திட்டுவான். சூடு பத்தல, கை ஓடலன்னு. அவங்க கரண்டியைப் புடிச்சுக்கிட்டு தலை குனிஞ்சு நிப்பாங்க. நாங்க நாலு பேரும் தட்டைப் பாத்துக்கிட்டே தின்னுட்டு வந்துடுவோம். எனக்கு ஒருநாள் சோறு எறங்கல. இந்தக் காயிதத்தை அவன் மூஞ்சிக்கு நேரா காட்டுங்க, பயந்துட்டு ஒழுங்கா நடந்துப்பான்னு சொல்லிக் குடுத்தேன். காட்டத்தான் சார் சொன்னேன். போகச் சொல்லல. அந்தம்மா நெசமாவே போயிட்டாங்க.

இன்னிக்கு இங்க வேலைன்னதும் மூணு பேருக்கும் ஒரே சந்தோஷம். எப்படியாவது பேசி, திரும்பக் கூட்டிட்டு வந்துடுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. காலைல சமையக்கட்டு வாசல்ல போயி நின்னேன். சொல்ல வேண்டியதை எல்லாம் ஒத்திகை பாத்துட்டுத்தான் போனேன். உள்ள எட்டிப் பாக்குறேன்... அக்கா ஒரு நாற்காலியில உக்காந்து டீ குடிச்சுட்டு இருந்தாங்க.

ஒம்பது வருஷம் சார். அவங்க உக்காந்து நான் பாத்ததே இல்ல.

என்னைப் பாத்ததும் எழுந்திரிக்கக்கூட இல்ல. டீயைக் கையில வெச்சுக்கிட்டே சிரிச்சாங்க. நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிடறாங்களாம். பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட என்னைக் காட்டி, "எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்தவரு இவருதான்"னாங்க. லிஃப்ட்டு எந்தப் பக்கம்னு கேட்டுட்டு வந்துட்டேன். ஒம்பது வருஷம் தின்னவன், நல்லா இருக்கீங்களான்னு கூட கேக்கல பாருங்க.

சாயங்காலம் மூணு பேரும் அச்சாபீஸ் வாசல்ல காத்துட்டு இருப்பாங்க. அக்கா இப்ப அங்க இல்ல, வேலையை விட்டுட்டு வேற ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லிடப் போறேன். சொன்னா நம்புவாங்க. நம்பித்தான் ஆகணும். தையல்காரர் அழுதுடுவாரு, பாவம்.

நீங்களும் இதை வெளியில போயி சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா அந்தத் தையல்காரர் காலை ஒடச்சுக்கிட்டு வந்து படுத்தாலும் படுத்துடுவாரு. நானும் இனிமே யார்கிட்டயும் வாயைத் தொறக்கப் போறதில்ல.

இப்ப ஒரே ஒரு தடவை தொறந்துக்கறேன்... அந்தக் கத்திரிக்காயை இப்படித் தள்ளுங்க.