செத்த மாட்டு ஓடையில் முயல் சத்தம்

இரவு பத்து தாண்டியிருக்கும்... நம் ஜோர்டான் ஊரிலிருந்து வடக்கே போகிற மண்சாலை. உங்களுக்கே தெரியும், அந்தச் சாலையில் ஒரு வண்டி எதிரே வந்தால் நிறுத்திப் பேசிவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்கு எதிரே எதுவும் வரவில்லை. ஒரே பிக்கப். உள்ளே இரண்டு பேர். ஜனவரி மாதக் குளிர்... எச்சில் துப்பினால் கீழே விழுவதற்குள் உறைந்துவிடும்.

கூப்பர், கதவை நன்றாகச் சாத்து. நீங்கள் வேட்டைக்குப் போன இடத்தை யாரோ முந்திப் பிடித்துவிட்டார்கள் என்று சாயங்காலத்திலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாய். போதும். உட்கார்.

வண்டி ஓட்டியது ஆரின். நம் டுவெய்னின் பெரியப்பா மகன். பக்கத்தில் லைல். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகள். முன்பெல்லாம் மூன்று பேராகத்தான் வேட்டைக்குப் போவார்கள். மூன்றாவது ஆள் கேலன்... ஆரினின் தங்கை மேவிஸைக் கட்டியவன். இந்த வட்டாரத்தில் அவனைப்போல் முயல் சத்தம் ஊதுகிறவன் கிடையாது. அடிபட்ட முயல் உயிருக்குக் கத்துமே, அப்படியே இருக்கும்; இரை என்று நம்பி, ஓநாய்க்கும் நரிக்கும் நடுவான அந்தக் கயோட்டி ஓடி வரும். வால்நட் மரத்தில் அவனே கடைந்த ஊதல். அதில் ஒரு விரிசல். அதனால் ஒவ்வொரு கத்தலும் முடிகிற இடத்தில் ஒரு விக்கல் விழும். புதிது செய்துகொள்ளடா என்றால் கேட்க மாட்டான். கயோட்டிக்கு அந்த விக்கல்தான் பிடிக்கிறது என்பான்.

அதற்கு முந்தைய ஜனவரியில் கேலன் தனியாக வேட்டைக்குப் போனான். திரும்பவில்லை. வண்டி கிழக்குச் சாலையில் நின்றது. அன்றிரவே பனிப்புயல். ஷெரிஃப் ஆட்கள், நாய்கள், விமானம் எல்லாம் கிழக்குப் பக்கம் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை. மேவிஸ் வாசல் விளக்கை அணைக்கவே இல்லை. பகலிலும் எரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம், கேலனின் எலும்பாவது கிடைத்தால் போதும், தங்கை அழுது முடிப்பாள் என்று ஆரின் நினைப்பான்.

இப்போது அந்தப் பிக்கப்புக்கு வருகிறேன். செத்த மாட்டு ஓடைக்குப் போகலாம் என்றது லைல்தான். பாதி வழியில் அவன் வாயைத் திறந்தான்.

"ஆரின்... போன வருஷம் அந்த ராத்திரி நானும் இந்தப் பக்கம் வந்தேன்டா."

"எந்த ராத்திரி?"

"கேலன் காணாமப் போனானே, அன்னிக்கு. வண்டிய நிறுத்தி எறங்கினேன். ஓடைக்குள்ள முயல் சத்தம். யாரோ ஊதுறான், நாம எதுக்கு நடுவுல போய்க் கெடுக்கணும்னு திரும்பிட்டேன்."

நாம் எல்லாரும் அதைத்தானே செய்வோம்? ஒருவன் ஊதிக்கொண்டிருக்கும் இடத்துக்குள் இன்னொருவன் கால் வைக்க மாட்டான். அது மரியாதை. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வேறு இடம் பார்ப்போம்.

"விக்கல் இருந்துச்சாடா?" என்று கேட்டான் ஆரின்.

லைல் கண்ணாடியை இறக்கி வெளியே துப்பினான். அப்புறம்தான் பேசினான்.

"காத்து அடிச்சிட்டு இருந்துச்சு. நிச்சயமாச் சொல்ல முடியல. ஆனா விடாம ஊதினான்டா. நாம கொஞ்சம் ஊதுவோம், கொஞ்சம் நிறுத்துவோம்ல? அவன் நிறுத்தவே இல்ல."

"தேடுறவங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே."

"மேவிஸ் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிடா சொல்லுறது?"

ஆரினுக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்ததாம். அழவேண்டும் போலவும் இருந்ததாம். இரண்டையும் செய்யாமல் வண்டியை மேட்டில் நிறுத்தினான்.

வழக்கம்போல உட்கார்ந்தார்கள். ஊதுகிறவன் ஆரின், மேட்டில், புதர் ஓரம். சுடுகிறவன் லைல், காற்று போகிற பக்கத்தில், நெற்றியில் சிவப்பு விளக்கோடு. கயோட்டி நேராக வராது அல்லவா... காற்றுக்குக் கீழே, நம் வாசனை காற்றில் போய்ச் சேருகிற பக்கமாக, சுற்றிப் போய் மோப்பம் பிடித்துவிட்டுத்தான் கிட்டே வரும். அதனால் துப்பாக்கி எப்போதும் அங்கேதான் இருக்கும். ஊதுகிறவன் எழுந்திருக்கும்வரை மற்றவன் அசையக்கூடாது.

ஆரின் ஊதினான். நிறுத்தினான். மறுபடி ஊதினான். கொஞ்ச நேரத்தில் ஒரு கயோட்டி வந்தது. சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு கண்கள். நல்ல தூரம்தான், லைல் சுட்டிருக்கலாம். ஆனால் அது ஆரின் பக்கம் பார்க்கவே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தது. வாலை இடுக்கிக்கொண்டது... வந்த வழியே ஓடிவிட்டது.

அப்புறம்தான் அது கேட்டது.

ஓடைக்கு அந்தப் பக்கம். முயல். நீளமான கத்தல்... கடைசியில் விக்கல்.

ஆரின் வாயிலிருந்த ஊதல் மடியில் விழுந்தது. சத்தம் நிற்கவில்லை. கத்தல்... விக்கல். கத்தல்... விக்கல். எத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சத்தம். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவன் எழுந்துவிட்டான். வேட்டை மரியாதையை மறந்துவிட்டான், லைலை மறந்துவிட்டான். ஓடையில் இறங்கி, ஏறி, பனியை மிதித்துக்கொண்டு சத்தத்தை நோக்கி நடந்தான்.

பாதி தூரத்தில் மூச்சு வாங்க நின்றான்.

சத்தம் குறைந்தது.

அவன் நின்றுகொண்டே இருந்தான். சத்தம் இன்னும் குறைந்தது. பிறகு வேறு மாதிரி மாறியது. மெல்லிசாக... உதட்டை உறிஞ்சினால் வருமே, எலிக் கீச்சு.

அது என்ன என்று அவனுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கிட்டே வந்த கயோட்டி தயங்கி நின்றுவிட்டால் நாம் என்ன செய்வோம்? பெரிய சத்தத்தை நிறுத்திவிட்டு எலி மாதிரி கீச்சுவோம். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு இழுக்க.

யாரோ அவனைப் பார்த்துக்கொண்டே ஊதுகிறார்கள்.

நேராகப் போக அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. திரும்பி வரவும் மனம் வரவில்லை, அங்கே ஊதுவது கேலன் அல்லவா. அதனால் பக்கவாட்டில் சுற்றினான். காற்றுக்குக் கீழே. யோசித்துச் செய்யவில்லை, கால் தானாகப் போனது என்று பிறகு சொன்னான். அங்கே வாசனை வந்தது. புதினா போட்ட புகையிலை, கேலன் கன்னத்தில் அடக்கிக்கொள்வானே அது. அதற்கு அடியில் வேறொரு வாடை... தோலுரித்துப் போட்டு மறந்துபோன இடத்தில் வருமே, அது.

அப்போதுதான் ஆரினுக்கு இன்னொன்று உறைத்தது. காற்றுக்குக் கீழே யார் உட்கார்ந்திருப்பார்கள்?

தலையை மட்டும் திருப்பினான்.

பத்தடி தள்ளி, புதரில் சாய்ந்தபடி, ஓர் ஆள். முழங்காலைக் கட்டிக்கொண்டு. காதை மூடும் தொப்பி. அசையவே இல்லை. ஆரினைப் பார்க்கவும் இல்லை. ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆரினும் அந்தப் பக்கம் பார்த்தான். சிவப்பு விளக்கு ஒன்று சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. லைல். சுற்றவில்லை, தயங்கவில்லை. போன வருடம் திரும்பிப் போனவன் இந்த வருடம் நேராக வந்தான். "கேலன்... கேலன்... வந்துட்டேன்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஆரினுக்குக் கத்த வாய் வரவில்லை. புதரில் இருந்த தலை, விளக்கு நகர நகரத் திரும்பியது.

விளக்கு சட்டென்று கீழே போனது. அணைந்தது.

முயல் சத்தமும் நின்றது. காற்று மட்டும்.

அப்புறம் லைலின் குரல்.

"ஆரின்... கால் ஒடைஞ்சிருச்சுடா... எங்கடா இருக்க... வாடா..."

சொல்லுங்கள். ஒன்றைச் சுட்டு வீழ்த்தியதும் நாம் எழுந்து ஓடுவோமா? மாட்டோம். உட்கார்ந்த இடத்திலேயே குட்டி அடிபட்டுக் கதறுகிற மாதிரி சத்தம் கொடுப்போம். ஓடிப்போன ஜோடி திரும்பி வரும். அதையும் வீழ்த்துவோம். ஆரினின் மண்டைக்குள் அப்போது ஓடியது அது ஒன்றுதான். லைல் முடிந்தான், இது ஜோடிக்கான சத்தம், என்னைக் கூப்பிடுகிறது.

அவன் ஓடினான். மேடு ஏறும்வரை அந்தக் குரல் பின்னாலேயே வந்தது. கெஞ்சியது, திட்டியது, லைலுடைய அம்மாவைக் கூப்பிட்டு அழுதது. வண்டிக் கதவைச் சாத்திய பிறகும் கேட்டது என்றான்.

ஷெரிஃப் ஆட்கள் வந்து சேர விடிந்துவிட்டது. வெள்ளம் அரித்த பள்ளம் ஒன்று, மேலே பனி மூடிக் கிடந்தது. லைல் அதற்குள் இருந்தான். தொடை எலும்பு முறிந்திருந்தது, வேறு காயமில்லை. விடியும் நேரம்வரை உயிரோடுதான் இருந்திருப்பான் என்றார் டாக்டர். குரல் போன பிறகு ஊதியிருக்கிறான். அவன் உதடு ஒரு மர ஊதலோடு ஒட்டி உறைந்திருந்தது. வால்நட் மரம், ஒரு பக்கம் விரிசல். கை எட்டும் தூரத்தில் கேலன் கிடந்தான். ஒரு வருடமாக அதே பள்ளத்தில், அதே மாதிரி கால் முறிந்து. கிழக்குச் சாலையில் வண்டியை விட்டவன் இங்கே எப்படி வந்தான் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பொய்யாகக் கதறியே பிழைக்கிறவர்கள் நாம். மெய்யான கதறலை இரண்டு தடவை கேட்டும் நம்பவில்லை. எனக்கு அதை நினைத்தால்தான் பயம், பேயை நினைத்தல்ல.

ஆரின் காட்டிய புதரடியில் ஒரு குழி இருந்தது. ஆள் நெடுநேரம் உட்கார்ந்து பனி அமுங்கிய குழி. பக்கத்தில் பழுப்பாகத் துப்பிய கறை. அதற்கு வந்த கால்தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

கேலனைப் புதைத்த அன்று மேவிஸ் வாசல் விளக்கை அணைத்தாள். "அவரும் லைல் மாதிரித்தான் கூப்பிட்டிருப்பாரு, இல்லண்ணா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஆரின் ஊதலைத் தொடவில்லை. காற்றடிக்கிற இரவில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

டுவெய்ன் இன்று ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே. மத்தியானம் போன் செய்தான். நேற்று ராத்திரி ஆரின் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போனானாம். "லைல் இன்னும் கூப்பிடுறான், ஒரு எட்டு பாத்துட்டு வரேன்" என்று மேவிஸிடம் போனில் சொன்னானாம். வண்டி ஆற்றங்கரையில் நிற்கிறது. எல்லாரும் அங்கேதான் தேடுகிறார்கள்.

என்ன கூப்பர், உன் வாய் இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது?

"நாங்க சாயங்காலம் போன எடம்... அங்க தண்ணி எறைக்கிற காத்தாடி ஒண்ணு துருப்பிடிச்சு நிக்குது. பக்கத்துல பாதி விழுந்த தொழுவம்."

செத்த மாட்டு ஓடை. அதேதான். அங்கேயா ஊதினார்கள்?

"ஆமா. யாரோ முந்திட்டாங்கன்னு திரும்பிட்டோம்."

எத்தனை பேர் ஊதினார்கள்?

"மூணு. ஒண்ணு விக்கலோட. ஒண்ணு விக்கல் இல்லாம. மூணாவது ரொம்ப சோர்ந்து... விடாம."

என் பூட்ஸ் எங்கே? எழுந்திருங்கள், கயிறும் விளக்கும் எடுங்கள். ஆரின் இன்னும் உயிரோடு கிடக்கலாம். மூன்றாவது தடவையும் நாம் மரியாதை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கூப்பர், என் கையை விடு.

"இருங்கண்ணே. இன்னொண்ணு சொல்லணும். நாங்க வண்டிய விட்டு எறங்கி நின்னோம்ல... நின்ன ஒடனே மூணும் சத்தத்தக் கொறச்சுச்சு. அப்புறம் மூணும் சேந்து எலி மாதிரி கீச்சுச்சு."